கடிவாளம் யார் கையில்?

குதிரைப் பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்றதாக ஐயுறப்படும் ஜாக்கி ஒருவரை இடைநீக்கம் செய்யும் செய்தி, நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஜாக்கியின் பெயர் ஒரு வரி. குதிரையின் பெயர் ஒரு வரி. எந்தப் பந்தயம் என்பது ஒரு வரி. தண்டனைக் காலம் ஒரு வரி. தோற்பதற்காக அவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்னும் ஐந்தாவது வரியைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. இல்லாத அந்த வரியைப் பற்றியே நாம் இங்குப் பேச விழைகின்றோம்.

தமிழ்த்துறை மலரில், அதிலும் இசுலாமியப் பெருமக்கள் நிறுவி நடத்தும் கல்லூரியின் மலரில், ரேஸ் பற்றி எழுதுவது தகுமா என்று மூத்தோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ரேஸ் என்ற சொல்லே நம் வீடுகளில் வசைச்சொல். வீட்டை விற்றவன், மனைவியின் தாலியை அடகு வைத்தவன், கடனுக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடியவன் என்னும் கதைகளோடுதான் அச்சொல் நமக்கு அறிமுகமாயிற்று. அவ்வெறுப்பில் பிழையில்லை. ஆனால், ஒரு தொழிலை வெறுப்பதனாலேயே அத்தொழிலின் கடைநிலையில் நிற்பவனுக்கு இழைக்கப்படும் அநீதியைக் காணாமல் இருந்துவிட இயலுமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் அறிவுறுத்துகின்றது. நாம் எழுதத் துணிந்தது அந்த அறிவுரையின் துணையால்தான்.

இதனை நாம் எழுதுவது கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இருந்து. இம்மலையில் பந்தயத்திடல் இல்லை. இங்குள்ளோரில் பலர் பந்தயக் குதிரையை நேரில் கண்டதுமில்லை. எனினும், தண்டனை யார் தலையில் விழுகிறது, யார் தலைக்கு மேலே பறந்து போய்விடுகிறது என்பதை இம்மக்கள் அறிந்த அளவுக்கு நகரத்தார் அறியார். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விற்றவர்கள் கைதாயினர். காவல் கண்காணிப்பாளர் உள்ளிட்டோர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். கல்வராயன் மலையில் ஊறல் தேடும் வேட்டையும் நடந்தது. ஊறலை அழிக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், மெத்தனால் மலையோடையில் ஊறுவதன்று, தொழிற்கூடத்துப் பொருள். அது யார் பணத்தில், யார் கைமாறி வந்தது என்பதை ஆராயும் பொறுப்பினைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் சி.பி.ஐ. வசம் ஒப்படைக்க நேர்ந்தது.

கள்ளுக்கும் சூதுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை அடுத்துச் சூது அதிகாரத்தை வைத்தார். திருக்குர்ஆனோ மதுவையும் சூதாட்டத்தையும் ஒரே வசனத்தில் சேர்த்து விலக்கியது. இரண்டிலும் ஆதாயம் பெறுவோன் ஒருவன், அகப்படுவோன் மற்றொருவன் என்னும் ஒற்றுமை அன்றும் இருந்திருக்க வேண்டும்.

நம் சமயமும் நம் மொழியும் குதிரையை ஒருநாளும் வெறுத்ததில்லை. கடல்வழியே குதிரைகள் வந்திறங்கிய காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலை பேசுகிறது. பிற்காலத்தில் பாண்டிய நாட்டின் காயல் துறைக்கு அரபு, பாரசீக வணிகர்கள் குதிரைகளைக் கொணர்ந்தனர். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார். அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள், பேணத் தெரிந்தோர் இன்மையால் இங்கு ஆண்டுதோறும் மடிந்தன என்று மார்க்கோ போலோ வியக்கிறார். குதிரைக்குப் பொன்னைக் கொட்டினார்களே யொழியக் குதிரையைப் பேணும் மனிதனைத் தேடிக் கொள்ளவில்லை. அந்த வழக்கம் இன்றளவும் முற்றும் மாறிவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து தனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ சுரைக் பள்ளிவாசல் வரையும் எல்லை வகுக்கப்பட்டது. இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அப்பந்தயத்தில் குதிரை ஓட்டியவர். ஆட்சியாளரோ புறத்தே நிற்பவரோ பரிசளித்தால் அது கூடும். ஓடுவோர் அனைவரும் பணயம் வைத்து, வென்றவன் மற்றவர் பொருளை அள்ளிக்கொள்வதாயின் அது சூது என்று சட்ட அறிஞர்கள் பிரித்துரைத்தனர். இந்த அளவுகோலை இன்றைய பந்தயத்திடலுக்குள் கொண்டு சென்றால் விந்தையானதொரு முடிவு கிடைக்கிறது. அங்கே கூடியுள்ள ஆயிரக்கணக்கானோரில், உடலுழைப்பாலும் திறமையாலும் கூலி பெறுவோர் ஜாக்கியும், பயிற்சியாளரும், சயீஸ் எனப்படும் லாயப் பணியாளருமே. (சயீஸ் என்பதே அரபு தந்த சொல்.) ஏனையோர் பெரும்பாலும் பணயம் வைக்க வந்தவர்கள். சூதாடியோர் புரவலர் எனப்படுகின்றனர். உழைத்தவனே சூதாடி எனப் பழிக்கப்படுகிறான்.

ஜாக்கி மீதான குற்றச்சாட்டு ஒரு தனிமனிதனின் ஒழுக்கக் கேடு பற்றியது மட்டுமன்று. அது பந்தயத்தின் சட்ட அடித்தளத்தையே தொடுவது. கிண்டியில் 1777 முதலே குதிரைப் பந்தயம் நடந்து வந்தது; சென்னை ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1974இல் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. கிளப் நீதிமன்றம் ஏறியது. 1986இல் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு கிளப்பையே கையகப்படுத்த மற்றொரு சட்டம் கொணர்ந்தது. டாக்டர் கே.ஆர். இலட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பு குதிரைப் பந்தயம் சூதாட்டம் அன்று, திறமை விளையாட்டே என்று கூறி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாததாக்கிற்று.

எவருடைய திறமை? குதிரையின் வலிவு, பயிற்சியாளரின் பயிற்றுமுறை, ஜாக்கியின் சவாரித் திறன் ஆகியவையே முடிவைத் தீர்மானிக்கின்றன, குருட்டு அதிர்ஷ்டமன்று என்பதுதான் அவ்வாதத்தின் உயிர்நாடி. ஆகவே கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு தொழிலுக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வழங்கிய நற்சான்று, ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் நேர்மையான கைகளின் மேல் நிற்கிறது. அந்தக் கைகள் விலைக்கு வாங்கப்பட்டால் அங்கே திறமையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை, வெறும் வஞ்சகமே எஞ்சும். இத்தனை பாரத்தைத் தாங்குகின்றவனைப் பந்தய நிறுவனங்கள் எவ்வாறு நடத்துகின்றன என்பது வெள்ளிடைமலை.

சவாரிக்கு இவ்வளவு என்று கூலி. வென்றால் பரிசுத்தொகையில் ஒரு பங்கு. குதிரையின் மீது ஏறினால்தான் வருவாய். எடை கூடாதிருக்க அரைவயிறு உண்டு, வியர்வை சிந்தி உடலை வற்றச் செய்ய வேண்டும். விழுந்தால் எலும்பு முறியும். சிலவேளை உயிரே போகும். ஓட்டுரிமம் கிளப்பின் கையில். ஒரு கிளப்பில் இடைநீக்கம் ஆனால் மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஐதராபாத், சென்னை என்னும் ஐந்து பந்தய அமைப்புகளும் அதனை ஏற்று நடப்பதால் நாடு முழுவதும் கதவு அடைபடும். குற்றம் சாட்டுவது கிளப் நியமித்த அலுவலர், விசாரிப்பது ஸ்டூவர்டுகள் என்னும் கிளப்பின் நடுவர்கள், மேல்முறையீடும் கிளப்புக்குள்ளேயே.

சான்றுதான் என்ன? பல கோணங்களில் எடுத்த படச்சுருள். வாயிற்கூண்டு திறந்ததும் அரைநொடி தாமதித்தான். வளைவில் வெளிப்புறமாக ஒதுங்கினான். பிற குதிரைகளுக்குப் பின்னே அடைபட்டு நின்றான். கடைசி இருநூறு மீட்டரில் கையசைக்கவில்லை. இவையெல்லாம் குதிரையை அடக்கி வைத்ததன் அறிகுறிகளாகலாம். ஆகாமலும் இருக்கலாம். குதிரை தோற்பதற்கு நூறு காரணங்கள் உண்டு: தரையின் ஈரம், சுமந்த எடை, பழகாத தூரம், நுரையீரலில் இரத்தக் கசிவு, தளர்ந்த லாடம். குதிரை வாய் திறந்து சாட்சி சொல்லாது. கையூட்டினை மெய்ப்பிப்பது படச்சுருள் அன்று, பணம் சென்ற தடமே. வங்கிக் கணக்கும் தொலைபேசிப் பேச்சுமே. அவற்றைத் தோண்டியெடுக்கும் அதிகாரம் கிளப்புக்கு இல்லை, காவல்துறைக்குத்தான் உண்டு. கண்ணுக்குத் தெரிவது சவாரி மட்டுமே என்பதால் சவாரி செய்தவனே தண்டிக்கப்படுகிறான்.

இங்கிலாந்தில் ஆறுமுறை முதன்மை ஜாக்கியாகத் திகழ்ந்த அயர்லாந்துக்காரர் கீரன் ஃபாலன் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 27 பந்தயங்களில் சதி நடந்ததாக 2006 ஜூலையில் அவர் மீதும் பிறர் மீதும் வழக்குப் பதிவாயிற்று. உடனே பிரித்தானியப் பந்தயங்களில் ஓட்ட அவருக்குத் தடை. 2007 அக்டோபரில் பாரிசில் உலகப் புகழ் பெற்ற ஆர்க் பந்தயத்தை டைலன் தாமஸ் என்னும் குதிரைமீது வென்றார். மறுநாள் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அரசுத் தரப்பின் நிபுணர் ஆஸ்திரேலியர். பிரித்தானியப் பந்தய விதிகளைத் தாம் நன்கறியார் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். தோற்பதற்காக ஓட்டினார் என்று கூறப்பட்ட அப்பந்தயங்களில் ஃபாலனின் வெற்றி விழுக்காடு அவரது வழக்கமான விழுக்காட்டைவிட மிகுதி என்பதும் வெளிவந்தது. 2007 டிசம்பர் 7ஆம் நாள், பதில் சொல்லத்தக்க வழக்கே இல்லை என்று கூறி நீதிபதி அனைவரையும் விடுவித்தார். (பிறகு போதைப்பொருள் தொடர்பாக அவர் தண்டிக்கப்பட்டது வேறு கதை, அவரை நாம் புனிதராக்க முயலவில்லை.) ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவரைத் தன் திடல்களில் ஓட்டவிடாத பிரித்தானியப் பந்தயத்துறை அதனால் அடைந்த நன்மை யாது? பந்தயங்கள் விலைபோகின்றன என்ற ஐயம் பொதுமக்கள் உள்ளத்தில் விதைக்கப்பட்டது. ஐயத்தைத் தீர்க்கும் விடை மட்டும் வரவில்லை.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று கிரிக்கெட்டில் உண்டு. ஐதராபாத் தந்த முகமது அசாருதீனுக்கு 2000 டிசம்பரில் கிரிக்கெட் வாரியம் வாழ்நாள் தடை விதித்தது. 2012 நவம்பரில் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அத்தடை சட்டப்படி செல்லாது என்றது. இடையே ஓடியவை பன்னிரண்டு ஆண்டுகள். 99 டெஸ்டு ஆட்டங்கள் ஆடியவருக்கு நூறாவது ஆட்டம் கிட்டவே இல்லை. அவர் செய்தாரா, செய்யவில்லையா என்று தீர்ப்புக் கூறுவது நம் பணியன்று. விசாரிக்க வேண்டிய முறையில் விசாரித்திருந்தால், குற்றவாளியாயினும் நிரபராதியாயினும், அந்த உண்மை அன்றே நிலைபெற்றிருக்கும். அவராவது புகழ் பெற்றவர். வழக்காட வசதி படைத்தவர். நாடாளுமன்றம் வரை சென்றவர். லாயத்தில் பிறந்து லாயத்தில் வளர்ந்த ஜாக்கி பன்னிரண்டு ஆண்டுகள் வழக்கு நடத்துவது எங்ஙனம்?

மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற ஜாக்கி டேமியன் ஆலிவர் 2010இல் தாம் ஓட்டிய பந்தயத்திலேயே எதிர்க்குதிரை மீது 10,000 டாலர் பணயம் வைத்தார். ஐயம் வெளிப்பட்ட பின்னரும் 2012ஆம் ஆண்டு மெல்போர்ன் கோப்பையில் ஓட்ட அனுமதிக்கப்பட்டார். பருவம் முடிந்ததும் குற்றத்தை ஏற்றுப் பத்து மாதத் தடை பெற்றார். திரும்பி வந்து 2013இல் அதே கோப்பையை வென்றார். கைதட்டல் வானைப் பிளந்திருக்கும். ஆனால், பெரிய ஜாக்கிக்குப் பத்து மாதம் என்றால் சிறிய ஜாக்கிக்கு எத்தனை என்ற கேள்வியும் எழத்தானே செய்யும்? இடைநீக்கமே கூடாது என்பது நம் வாதம் அன்று. குதிரையை அடக்கியவன் குற்றவாளியே. தன் கூலிக்கு இரண்டகம் செய்தவனை நாம் தாங்கிப் பேச வரவில்லை.

இனி, சான்று வலுவில்லாத இடைநீக்கங்களால் பந்தயத்துக்கு நேர்வது யாது? ஒரு ஜாக்கி போனால் மற்றொருவர் வருவார். ஆனால் அவர் அச்சத்தோடு வருவார். கையசைக்கவில்லை என்று பழி வருமே என்றஞ்சி, வெல்ல வாய்ப்பே இல்லாத குதிரையையும் கடைசித் தூரத்தில் சாட்டையால் அடித்துக் காட்டுவார். பந்தயப் படச்சுருளுக்காக விழும் அடி அது. வாயில்லாச் சீவன்கள் பொருட்டு அல்லாஹ்வை அஞ்சிக் கொள்ளுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்; அந்த அடியின் வலியை நாமாவது எண்ணிப் பார்க்க வேண்டும். குதிரை உரிமையாளரோ ஒவ்வொரு தோல்வியிலும் சதியைக் காண்பார். பணம் கட்டுவோர் திடலை விட்டு விலகுவர். விலகியவர் திருந்திவிடுவதில்லை, கணக்கில் வராத புக்கியிடம் செல்வர். 2023 அக்டோபர் முதல் பணயத் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு சரக்கு, சேவை வரி; 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாயிற்று. வரியும் ஐயமும் இரு புறமும் தள்ள, கள்ளப் பணயம் கொழுக்கிறது. ஜாக்கியை விலைக்கு வாங்கும் பணம் பிறப்பது அங்கேதான். ஊழலை ஒழிக்க எடுத்த நடவடிக்கை ஊழலின் ஊற்றுக்கே நீர் வார்க்கும் விந்தையை என்னென்பது!

கையூட்டுக் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நபிகள் நாயகம் (ஸல்) ஒருசேரச் சபித்தார்கள். கொடுப்பவனை முதலில் வைத்துச் சொன்னதாகவே அறிவிப்பு. நம் பந்தய நிறுவனங்களின் விதிகளிலும் கொடுப்பவனைத் திடலுக்குள் நுழையாதவாறு விலக்க வழியுண்டு. ஆனால் அவனுக்குத் திடலுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை, கைப்பேசி போதும். ஆங்காங்கில் ஜாக்கி கிறிஸ் மன்ஸ் பணயத்துக்கு ஈடாகத் துப்புத் தந்த வழக்கைத் துப்பறிந்தது ஜாக்கி கிளப் அன்று, ஊழல் தடுப்புக்கான தன்னுரிமை ஆணையம். 2007இல் நீதிமன்றம் அவருக்கு முப்பது மாதச் சிறை விதித்தது. தண்டனை கடுமை, எனினும் சான்று திறந்த மன்றத்தில் வைக்கப்பட்டது, எதிர்வழக்காட வாய்ப்பும் இருந்தது. கிளப்பின் மூடிய அறையில் பெறும் ஆறுமாத இடைநீக்கத்தைவிட, நேர்மையான மனிதன் அத்தகைய மன்றத்தையே விரும்புவான்.

தமிழகப் பந்தயத்துறையின் நிலை வேறு காரணங்களால் தள்ளாடுகிறது. உதகையில் 2024 ஜூனில் 822 கோடி ரூபாய் குத்தகை நிலுவைக்காக 52 ஏக்கர் பந்தயத்திடலை அரசு மீட்டது. கிண்டியில் ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையில் விடப்பட்ட 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை நீக்கி, 2024 செப்டம்பர் 9ஆம் நாள் வாயில்களுக்கு முத்திரை இட்டனர். பிறகு அது வழக்காயிற்று. நிலம் மக்களுக்குப் பயன்படுவதை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் ஒன்று குறிப்பிடத்தக்கது: நிலுவை வைத்த பெருமக்களுக்கு நோட்டீசு, வாய்தா, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் வழி திறந்திருந்தது. அரைநொடி தாமதித்த ஜாக்கிக்கு அத்தகைய வாய்தா கிடையாது.

பந்தயம் இருக்கும் ஊர்களிலாவது விசாரணையைக் கிளப்பின் கையிலிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரிடம் தரலாம். இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்த நெறிக்கு அது பொருந்தும். ஜாக்கி தம் வழக்கறிஞரோடு வரலாம். படச்சுருளின் படியை முன்கூட்டியே பெறலாம். முடிவுக்கான காரணம் எழுத்தில் வர வேண்டும். பணம் கைமாறியதாகக் கிளப் நம்பினால் அன்றே காவல்துறைக்கு எழுத வேண்டும். எழுத மனமில்லையேல் ஊழல் என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல் சவாரிக் குறைபாடு என்று மட்டும் சொல்ல வேண்டும்.

வருவாய் பற்றியும் ஒரு சொல். கருணாபுரம் நிகழ்வில் பணியிடைநீக்கம் பெற்ற அரசு அலுவலர்க்கு அரசு விதிப்படி பிழைப்பூதியம் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குடும்பம் பட்டினி கிடக்கலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. சவாரிக்குச் சவாரி கூலி பெறும் ஜாக்கிக்கு அத்தகைய ஏற்பாட்டினைப் பந்தய நிறுவனங்கள் செய்தல் வேண்டும். அந்நிதியை டோட் எனப்படும் பணய வருவாயிலிருந்து எடுக்காமல் உறுப்பினர் சந்தாவிலிருந்தும் குதிரை உரிமையாளர் செலுத்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் எடுக்கலாம். விசாரணை முடியும் நாள் வரை மாதந்தோறும் அது அவர் வீட்டுக்குச் சென்று சேர வேண்டும்.